மட்டை வீசும் மருமகனும் வேலியோரத்துத் தந்தையும்

கனடாவின் டொரொன்ரோ நகரிலே வாழும் என் தங்கையிடமிருந்து சென்ற ஆண்டு வைகாசி மாதத்தில் ஒரு மடல் வந்தது. வழக்கமாக அவளுடைய மடல்களிற் பனியும், பிள்ளைகளின் படிப்பும், ஊரிலே நாங்கள் விட்டுவந்த கிணற்றடி மாமரமும் மாறி மாறி இடம்பெறும். இம்முறை அவற்றில் ஒன்றேனும் இல்லை. "அண்ணா, தம்பி இனிப் பேஸ்போலுக்குப் போகமாட்டேன் என்று நிற்கிறான். அவர் அவனோடு கதைப்பதில்லை. சனிக்கிழமை வந்தால் எங்கள் வீட்டில் ஒருவரும் வாய் திறப்பதில்லை. நீங்கள் எத்தனை பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சொல்லிக் கொடுத்தனீங்கள், ஒரு வார்த்தை எழுதுங்கோ" என்று எழுதியிருந்தாள்.

மடலோடு கைத்தொலைபேசியிற் பிடித்த ஒரு சிறு படக்காட்சியும் வந்திருந்தது. என் மருமகனுக்கு வயது பன்னிரண்டு. முந்திய கோடையிலே தன் குழுவில் நன்றாக அடித்தவன் என்று பெயரெடுத்த பிள்ளை. படக்காட்சியிலோ அவன் வீசிய மட்டை பந்தின் அருகே போகவில்லை. மூன்று முறை வீசினான். மூன்று முறையும் காற்றையே அடித்தான். தலையைக் குனிந்துகொண்டு திரும்பினான். ஆயினும் என் கண்ணை விடக் காதே முதலில் விழித்துக்கொண்டது. கம்பிவேலிக்கு அப்பாலிருந்து என் மைத்துனரின் குரல் கேட்டுக்கொண்டேயிருந்தது. "முழங்கையை உயர்த்து! பந்தைப் பார்! இடுப்பைத் திருப்பு! காலை ஊன்று!" பந்து எறிபவனின் கையை விட்டுப் புறப்படுமுன்னரே நான்கு கட்டளைகள். பையன் எறிபவனைப் பார்த்த நேரத்திலும் பார்க்க வேலியைப் பார்த்த நேரம் அதிகம்.

என் மைத்துனர் நல்ல மனிதர். இரவு வேலை முடித்து விடியற்காலை வீடு வந்து, இரண்டு மணி நேரம் உறங்கிவிட்டு மகனை மைதானத்துக்கு அழைத்துச் செல்பவர். அன்பில்லாமல் அவர் கத்தவில்லை. அதனாலேதான் இந்த விஷயம் எழுதத்தக்கதாயிற்று.

முதலில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் அறிந்தது கிரிக்கெட். பேஸ்போலைப் பற்றி எனக்கு அப்பொழுது தெரிந்தது மிகச் சொற்பம். மருமகனுக்காக அந்த முதிய வயதிலே நூல்களைத் தேடிப் படித்தேன். படித்தவற்றை வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இன்றைய கட்டுரை.

நம் நாட்டிலே சித்திரைப் புத்தாண்டுக் காலத்தில் ஊர்த்திடல்களில் ஆடப்பெறும் 'எல்லே' ஆட்டத்தைக் கண்டவர்கள் பேஸ்போலின் சாயலை ஒருவாறு ஊகித்துக்கொள்வர். பொல்லுப் போன்ற உருண்டை மட்டையாற் பந்தை அடித்துவிட்டுக் குறித்த நிலையங்களைத் தொட்டுச் சுற்றிவருவது அதன் சாரம். கிரிக்கெட்டில் மட்டையின் அகலம் 10.8 சதம மீற்றர் வரை இருக்கலாம். பேஸ்போல் மட்டையின் மிகப் பருத்த இடம் 6.6 சதம மீற்றருக்கு மேற்படலாகாது. பந்தின் விட்டமோ 7.3 சதம மீற்றருக்குக் குறையாது. பந்திலும் மெல்லியதான ஒரு மட்டையாலே, நிலத்திற் குத்தாமல் நேரே பாய்ந்துவரும் பந்தை அடிக்க வேண்டும். அடித்த பந்து முன்னே விரியும் நேர்கோணப் பரப்புக்குள் விழவேண்டும். நம் துடுப்பாட்டக்காரர் போலப் பந்தை மெல்லத் தொட்டுப் பின்புறமாக ஓடவிட்டு ஓட்டம் பெறுவது அங்கே செல்லாது.

காலக் கணக்கு இன்னும் கடுமையானது. வளர்ந்தோர் ஆட்டத்திற் பந்து எறிபவர் நிற்கும் இடத்துக்கும் அடிப்பவரின் தளத்துக்கும் இடையே 18.44 மீற்றர் தூரம். மணிக்கு 145 கிலோ மீற்றர் வேகத்தில் வரும் பந்து ஏறக்குறைய 0.4 விநாடியில் வந்து சேரும். மட்டையை வீசி முடிக்க அதில் 0.15 விநாடி வேண்டும். எஞ்சிய கால் விநாடிக்குள் பந்தைக் கண்டு, தரம் பிரித்து, அடிப்பதா விடுவதா என்று தீர்மானிக்க வேண்டும். சிறுவர் ஆட்டத்தில் வேகம் குறைவு. எறியும் தூரமும் குறைவாதலால் அவகாசம் அதிகமில்லை. இந்தக் கால் விநாடிக்குள் நான்கு கட்டளைகளை நிறைவேற்றக்கூடிய பிள்ளை உலகத்தில் எங்கேயும் பிறக்கவில்லை.

இனி மட்டை வீச்சின் இயல்பைப் பார்ப்போம். வீச்சின் வலிமை கையிலே தோன்றுவதாக நாம் நினைக்கிறோம். அது மண்ணிலே தோன்றுகிறது. பின்காலில் இருந்த பாரம் முன்காலுக்கு மாறுகிறது. முன்கால் ஊன்றியதும் இடுப்பு திரும்புகிறது. இடுப்பின் பின்னே மார்பும் தோளும் திரும்புகின்றன. கடைசியாகவே கைகளும் மணிக்கட்டும் மட்டையை விடுக்கின்றன. சாட்டையைச் சொடுக்குபவன் பிடியை அசைக்க, நுனியிலே வேகம் பிறப்பது போல, ஒன்றன்பின் ஒன்றாக அசைவு ஏறிச்செல்கிறது. இந்த வரிசையிலே அடியில் ஓரிடம் பிசகினால், பிசகு மேலேதான் கண்ணுக்குத் தெரியும். கைகள் தாழ்ந்துபோவதைக் கண்டு நாம் கைகளைத் திட்டுகிறோம். காரணம் பாதத்தில் இருக்கும். சில வேளைகளில் உடம்பிலேயே இராது. அதைப் பின்னர் சொல்வேன்.

இந்த இடத்தில், ஜப்பான் நாட்டிலே நிகழ்ந்த ஒரு குரு சீடர் வரலாற்றைக் கூறாமல் மேற்செல்ல முடியாது. பேஸ்போல் ஜப்பானியரின் உயிர்மூச்சான ஆட்டம் என்பதைப் பலர் அறிவர். 1954ஆம் ஆண்டு டோக்கியோவின் சுமிதா நதிக்கரைப் பூங்காவிலே சிறுவர்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். அவ்வழியே வந்த ஹிரோஷி அரகாவா என்பவர் நின்று பார்த்தார். அவர் அப்பொழுது தொழில்முறைக் குழுவொன்றில் ஆடிக்கொண்டிருந்தவர். பந்தை இடக்கையால் எறியும் ஒரு பையன், அடிக்கும்போது மட்டும் வலக்கைக்காரர் நிற்கும் பக்கத்தில் நின்றான். "இடப்பக்க ஆட்டக்காரனாக நின்று அடித்துப் பாரேன்" என்ற கருத்துப்பட அரகாவா ஒரு யோசனை சொன்னார். பையன் மாறி நின்றான். பந்து வெகுதூரம் பறந்தது. அவன்தான் சதஹாரு ஓ. சீனத் தந்தைக்கும் ஜப்பானியத் தாய்க்கும் 1940ஆம் ஆண்டு பிறந்தவன். பெற்றோர் ஓர் உணவுக்கடை நடத்திவந்தனர்.

அந்தப் பையன் பின்னர் அரகாவா படித்த பாடசாலையிலேயே சேர்ந்தான். 1957ஆம் ஆண்டு நாடளாவிய பாடசாலைப் போட்டியிலே, விரலிற் கொப்புளம் வெடித்திருந்தும் பந்தெறிந்து தன் பாடசாலைக்கு வெற்றி தேடிக்கொடுத்தான். 1959இல் புகழ்பெற்ற யொமியூரி ஜயன்ட்ஸ் குழு அவனைப் பெருந்தொகை கொடுத்து ஏற்றுக்கொண்டது. பந்தெறிதலை விட்டு அடிப்பிலே கருத்தைச் செலுத்தும்படி பணித்தது.

அங்கேதான் துயரம் தொடங்கியது. முதல் இருபத்தாறு முயற்சிகளிலே ஓ ஒரு முறையேனும் சரியாக அடிக்கவில்லை. அந்த ஆண்டு முடிவில் அவருடைய சராசரி .161. நூறு முறை முயன்றால் பதினாறு முறை மட்டுமே வெற்றி என்பது இதன் பொருள். முப்பது கிட்டினால் தேர்ந்த ஆட்டக்காரர் என்பர். மூன்று முறை தவறி ஆட்டமிழப்பதை ஜப்பானியர் 'சன்ஷின்' என்பர். 'ஓ' என்ற குடும்பப் பெயரை எழுதும் எழுத்துக்கோ அரசன் என்று பொருள். ஆகவே அவர் மட்டையோடு வெளிவரும்போதெல்லாம் பார்வையாளர், "ஓ, ஓ, சன்ஷின் ஓ" என்று கூவத் தொடங்கினர். தவறுகளின் அரசன்! பத்தொன்பது வயது இளைஞன் ஒருவன், ஆயிரக்கணக்கானோர் முன்னிலையிலே தன் குடும்பப் பெயரே பரிகாசமாக மாறக் கேட்டு நின்றான். மூன்று பருவங்கள் இப்படியே கழிந்தன. 1960இல் பதினேழு 'ஹோம் ரன்', 1961இல் பதின்மூன்று. மைதானத்தைத் தாண்டிப்போகும் அடியை அவ்வாறு சொல்வர். திறமை இருக்கிறது என்று எல்லாரும் சொன்னார்கள். அது எங்கே போய் ஒளிந்தது என்று சொல்வார் இல்லை. இரவுக் கேளிக்கைகளில் மனத்தைப் பறிகொடுத்திருந்ததையும் ஓ பின்னர் தம் சுயசரிதையில் மறைக்கவில்லை.

1962ஆம் ஆண்டுப் பருவத்துக்கு ஜயன்ட்ஸ் குழுவின் அடிப்புப் பயிற்சியாளராக வந்தவர், பூங்காவிலே நின்று பார்த்த அதே அரகாவா. அவர் கண்ட குறை இதுதான்: பந்து புறப்படும் வேளையில் ஓ தம் கைகளை ஒருமுறை வீணாக அசைத்துக்கொள்வார். அந்தச் சிறு அசைவுக்குள் பந்து வந்துவிடும், மட்டை பிந்திவிடும், பிந்தியதை ஈடுசெய்ய உடம்பு முன்னே பாயும். "கையை அசைக்காதே" என்று ஆயிரம் முறை சொல்லலாம். சொல்லச் சொல்ல அந்த மனிதன் தன் கையையே நினைத்துக்கொண்டிருப்பானன்றிப் பந்தை நினைக்கமாட்டான். பழக்கம் அறிவுக்குக் கட்டுப்படாது.

அரகாவாவின் வழி விசித்திரமானது. பந்து வருமுன்னரே முன்காலைத் தூக்கி, ஒற்றைக் காலில் நில் என்றார். ஒற்றைக் காலில் நிற்பவன் கையை வீணாக ஆட்டினால் தள்ளாடுவான். அவசரப்பட்டு முன்னே பாய்ந்தால் விழுவான். ஆகவே உடம்பு தானாகவே அடங்கியிருக்கக் கற்றுக்கொள்ளும். பயிற்சியிலே ஒத்திகை பார்த்திருந்த அந்த நிலையை, குழு தோற்றுக்கொண்டிருந்த ஒரு நெருக்கடியில், 1962 யூலை 1ஆம் திகதி போட்டியிலேயே கையாளச் சொன்னார். கொக்குப் போல ஒற்றைக் காலில் நின்ற ஓ அன்றே ஹோம் ரன் அடித்தார். அந்தப் பருவம் முடியும்போது அவருடைய ஹோம் ரன் எண்ணிக்கை முப்பத்தெட்டு. முந்திய ஆண்டின் பதின்மூன்றோடு ஒப்பிட்டுக்கொள்க.

கதை இத்துடன் முடிந்திருந்தால் ஒரு மந்திரவாதியின் கதையாகவே இருந்திருக்கும். உண்மையான பாடு அதன்பின்னரே வந்தது. ஒற்றைக் காலில் ஒரு நாள் நிற்பது எளிது. களைத்த நாளிலும் கலங்கிய நாளிலும் நிற்பது அரிது. அரகாவா, அய்க்கிடோ என்ற தற்காப்புக் கலையை நிறுவிய மொரிஹெய் உவேஷிபாவிடம் பயின்றவர். சீடரையும் அங்கே அழைத்துச் சென்றார். அந்தக் கலையிலே 'ம' என்று ஒரு சொல் உண்டு. எதிரிக்கும் தனக்கும் நடுவே உள்ள இடைவெளியையும் காத்திருக்கும் காலத்தையும் ஒருங்கே குறிப்பது அது. பந்து தன் இடத்துக்கு வரும்வரை பதறாமல் நிற்பதே அடிப்பின் பாதி என்பதை ஓ அங்கே விளங்கிக்கொண்டார். குருவின் வீட்டிலே கூரையிலிருந்து ஒரு காகிதத் துண்டைத் தொங்கவிட்டு, உண்மையான ஜப்பானிய வாளாலே அதை வெட்டப் பழகினார். காற்றில் ஆடும் காகிதம் பலங்கொண்டு வீசினால் விலகிப்போகும். வாளின் பாதை நேராக இருந்தாலன்றி அறுபடாது. இரவிரவாக நடந்த அந்தப் பயிற்சியிலே வீட்டின் கோரைப்பாய்த் தரை தேய்ந்து கிழிந்தது என்பர். பிறர் வீட்டுப் பிள்ளைக்காகத் தம் வீட்டுத் தரையைக் கொடுத்த அந்த மனிதரை நினைக்கும்போது என் உள்ளம் நெகிழ்கிறது.

1964இல் ஓ ஒரே பருவத்தில் ஐம்பத்தைந்து ஹோம் ரன் அடித்தார். 1977 செப்ரெம்பர் 3ஆம் திகதி 756ஆவது ஹோம் ரன்னை அடித்தபோது, அமெரிக்காவின் ஹாங்க் ஆரன் பெற்ற 755ஐ எண்ணிக்கையிலே தாண்டினார். 1980இல் ஓய்வு பெறும்போது மொத்தம் 868. இவ்வளவு பெருமைக்கும் நடுவே நான் கவனித்தது ஒன்று. அரகாவா 1970ஆம் ஆண்டுப் பருவத்தோடு ஜயன்ட்ஸ் குழுவை விட்டு விலகிவிட்டார். சராசரி, ஹோம் ரன், சேர்த்த ஓட்டங்கள் ஆகிய மூன்றிலும் ஒரே ஆண்டில் முதலிடம் பெறும் மும்முடியை ஓ சூடியது 1973இலும் 1974இலும். குரு அருகில் இல்லாத காலத்திலே!

ஒற்றைக் காலில் நிற்பதுதான் இரகசியம் என்று எண்ணி எவரும் தம் பிள்ளையைக் கொக்காக்கிவிடலாகாது. அது ஓவின் குறைக்கு ஓவின் மருந்து. அமெரிக்காவிலே அதற்கு வெகு முன்னரே மெல் ஒற் என்ற இளைஞர் முன்காலை உயரத் தூக்கி அடித்தார். அவர் பதினாறு வயதில் நியூ யோர்க் ஜயன்ட்ஸ் குழுவைத் தேடி வந்தபோது, மேலாளர் ஜோன் மக்ரோ என்ன செய்தார் தெரியுமா? வழக்கப்படி சிறு குழுக்களுக்குப் பழக அனுப்ப மறுத்துவிட்டார். அங்குள்ள பயிற்சியாளர்கள் அந்த விநோதமான வீச்சைத் திருத்திக் கெடுத்துவிடுவார்களோ என்று அஞ்சித் தம் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டார். ஒற் 511 ஹோம் ரன்களோடு 1947இல் ஓய்வு பெற்றார்.

அல் சிமன்ஸ் என்பவரின் கதை இன்னும் சுவையானது. பந்துக்கு அஞ்சி முன்காலைப் பக்கவாட்டில் விலக்கி வைப்பவனை அமெரிக்கர் 'வாளிக்குள் காலை விடுகிறவன்' என்று கேலி செய்வர். சிமன்ஸ் அப்படித்தான் காலை வைத்தார். 'வாளிக்கால் அல்' என்றே பெயரும் பெற்றார். ஆயினும் அவருடைய இடுப்பும் தோளும் பந்தை விட்டு விலகவில்லை. 1930, 1931 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் தம் பிரிவின் சராசரியில் அவரே முதல்வர், வாழ்நாட் சராசரி.334. பார்வைக்குப் பிழையாகத் தோன்றுவதெல்லாம் பிழையாகாது என்பதற்கு இவரிலும் பெரிய சாட்சி வேண்டுமோ?

இதைப் படித்த இரவில் எனக்கு உறக்கம் வரவில்லை. காரணம் உண்டு. நான் ஆசிரியனாக இருந்த ஒரு பாடசாலைக்கு, பல ஆண்டுகளுக்கு முன், தூரத்துக் கிராமமொன்றிலிருந்து ஒரு பையன் வந்து சேர்ந்தான். தென்னம் மட்டையைச் செதுக்கி, கடற்கரை மணலிலே கிரிக்கெட் பழகியவன். எந்தப் பந்தையும் காற்பக்கமாகவே இழுத்து அடிப்பான், ஆனால் அடிப்பான். நேர் மட்டையால் ஆடுவதே முறை என்று படித்திருந்த நான், அவனை ஒரு தவணை முழுவதும் திருத்தினேன். பிடியை மாற்றினேன், நிலையை மாற்றினேன், தலை, தோள், முழங்கை ஒன்றையும் விடவில்லை. தவணை முடிவில் அவனிடம் பழைய அடியும் இல்லை. புதிய அடியும் வரவில்லை. அடுத்த தவணை அவன் மைதானத்துக்கு வரவில்லை. "ஏனடா தம்பி?" என்று கேட்டேன். "எனக்கு விளையாடத் தெரியாது, சேர்" என்றான். வந்த நாளில் அவனுக்கு விளையாடத் தெரிந்திருந்தது.

ஆகையால் மைத்துனருக்குப் புத்தி சொல்ல எனக்கு எவ்வளவு உரிமை உண்டு என்பதை நானே அறிவேன். தொலைபேசியில் முதலில் மருமகனோடுதான் பேசினேன். வீச்சைப் பற்றிக் கேட்கவில்லை; எந்தப் பந்து மிகவும் பிடிக்கும், எது பிடிக்காது என்று கேட்டேன். சற்று மௌனமாக இருந்தான். பின்னர், "மாமா, அப்பாவிடம் சொல்லாதேங்கோ" என்று தொடங்கினான். சித்திரை மாதப் பயிற்சியொன்றில் பந்து ஒன்று விலாவிலே பட்டிருக்கிறது. ஒரு கிழமை கன்றியிருந்ததாம். அழுதால் பயந்தாங்கொள்ளி என்று நினைப்பார்கள் என்று ஒருவரிடமும் சொல்லவில்லை.

படக்காட்சியை மீண்டும் மீண்டும் பார்த்தேன். இப்பொழுது எல்லாம் விளங்கியது. பந்து புறப்பட்டதும் அவனுடைய முன்பாதம் பந்தின் பாதையை விட்டு வெளியே போகிறது. பாதத்தோடு இடுப்பும் தோளும் முன்கூட்டியே திறந்துவிடுகின்றன. சிமன்ஸுக்குத் திறவாதிருந்தது இவனுக்குத் திறந்துவிடுகிறது. தலையும் கூடவே விலக, கண் பந்தை இழக்கிறது. போதாக்குறைக்கு, பிள்ளை வளர்ந்துவிட்டான் என்று தந்தை ஆசையோடு வாங்கிக் கொடுத்த நீண்ட புதிய மட்டை அவனுக்குப் பாரம். பாரமான மட்டையை வீசுமுன்னர் கைகள் கீழே சரிந்து, பெரிய வட்டமாகச் சுற்றி வருகின்றன. தந்தையோ "முழங்கையை உயர்த்து" என்கிறார். வட அமெரிக்க மைதானங்களிலே பெற்றோர் ஓயாமற் கூவும் கட்டளை அது. அனுபவமுள்ள பயிற்சியாளர் பலர் அதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். உயர்த்திய முழங்கையை மீண்டும் இறக்கித்தான் மட்டையை வீசவேண்டும். கைவலிமை குறைந்த சிறுவனுக்கு அது வீண் தாமதம்.

பையனின் அனுமதியைப் பெற்றே மைத்துனரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. "எனக்குச் சொல்லியிருக்கலாமே, அத்தான்" என்று மட்டும் சொன்னார். எப்படிச் சொல்வான் என்று கேட்க நான் துணியவில்லை.

நான் எழுதியனுப்பிய யோசனைகள் பெரிய வித்தைகள் அல்ல. பழைய இலகுவான மட்டையை எடுத்துக் கொடுங்கள். ஒரு கையால் நீட்டிப் பிடிக்கும்போதே மட்டை நடுங்குமாயின் அது அவனுக்கு உரியதன்று. இரண்டு கிழமைக்குக் கடினப் பந்தே வேண்டாம். மென்மையான ரென்னிஸ் பந்தை எறியுங்கள். இடைக்கிடை அவன் மேலேயே மெல்ல எறிந்து, முதுகைத் திருப்பித் தோளையும் தலையையும் ஒடுக்கி எப்படித் தப்புவது என்று பழக்குங்கள். தப்பத் தெரிந்தவனுக்கே தரித்து நிற்கும் துணிவு வரும். அதன்பின் அமெரிக்கச் சிறுவர் பழகும் கால்தாங்கியிலே பந்தை அசையாமல் வைத்து அடிக்கவிடுங்கள். முன்பாதம் எங்கே விழுகிறது என்பது ஒன்றே பாடம். நிலத்திற் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு கீறிவிட்டால் நீங்கள் வாய் திறக்கவே தேவையில்லை. நாளொன்றுக்கு முப்பது வீச்சுப் போதும். களைத்த பின் வீசுவது பிழையையே பழக்கும். படம் பிடியுங்கள், ஆனால் அவன் கேட்டாலன்றிக் காட்டாதீர்கள். போட்டி நாளிலே தேநீர்க் குவளையைக் கையில் வைத்துக்கொண்டு, அவன் நிற்குமிடத்திலிருந்து தூரமாக அமருங்கள்.

கடைசி யோசனைதான் அவருக்கு மிகவும் கடினமாக இருந்ததாம். முதல் இரண்டு சனிக்கிழமைகளும் வேலிப்பக்கம் போகாதிருக்கத் தங்கை அவரை ஏதாவது கடைக்கு அனுப்பவேண்டியிருந்தது.

அவளுடைய அண்மைய மடல் ஆவணியில் வந்தது. பையன் இன்னும் பெரிய அடிகாரன் ஆகிவிடவில்லை. கடைசிப் போட்டியிலே இரண்டு முறை மூன்று தவறுகளோடு வெளியேறினான். மூன்றாம் முறை அடித்த பந்து நன்றாகப் பறந்து, எல்லையருகே நின்ற ஒருவன் கையிற் போய் விழுந்தது. ஆயினும் அடுத்த சனிக்கிழமைக்குச் சப்பாத்தைத் தானே துடைத்து வைத்திருக்கிறானாம். காரறையிலே ஒரு பழைய மீன்வலையைக் கட்டி, தந்தை பந்தை வைக்க மகன் அடிப்பது மாலைநேர வழக்கமாகிவிட்டதாம்.

நான் சொன்ன ஓவின் கதைதான் இப்பொழுது அந்த வீட்டிலே புதிய தொல்லை. காகிதத் துண்டைக் கூரையிலே தொங்கவிட்டாயிற்று. தனக்கு ஒரு வாள் வேண்டும் என்று பையன் அடம் பிடிக்கிறான். "அண்ணா, நீங்கள்தான் இதற்கு ஒரு வழி சொல்லவேண்டும்" என்று தங்கை எழுதியிருக்கிறாள். அடிமட்டத்தால் வெட்டிப் பழகச் சொல்லிப் பதில் எழுதியிருக்கிறேன்.